பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள்



சில மாதங்களுக்கு முன்னால் ஆழ்வார்குறிச்சியில் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாழைக்கு உரம் வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு முடிகிற நேரத்தில் அந்த வீட்டு ஆச்சி உள்ளேயிருந்து இரண்டு கிண்ணத்தில் நெய்யும், ஒரு தட்டில் இரண்டாக அறுத்த அவித்த முட்டைகளும் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஐயா, நீங்க படிச்சவுக. எனக்கு ஒரு சந்தேகம் தீர்த்து வையுங்க. இது நம்ம பசு நெய், மஞ்சளா இருக்கு. இது சம்பந்தி வீட்டுல இருந்து வந்த எருமை நெய், வெள்ளையா இருக்கு. இது நம்ம கோழி முட்டை, கரு செக்கச்செவேல்னு இருக்கு. இது கடையில வாங்கினது, கரு வெளுத்துக் கிடக்கு. எதுல சத்து இருக்கு, எதுல கலப்படம் இருக்கு?" என்று கேட்டார்கள்.

"ஆச்சி, நிறத்தை மட்டும் பார்த்து எதையும் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. இந்த மஞ்சளைப் பசுவும் உண்டாக்கவில்லை, கோழியும் உண்டாக்கவில்லை. இது புல்லிலிருந்தும் இலையிலிருந்தும் வந்த நிறம்" என்றேன்.

ஆச்சி விடவில்லை. "புல்லு பச்சைல்லா ஐயா! அதுல மஞ்சள் எங்கேயிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கண்டுபிடிக்க உலகத்து விஞ்ஞானிகளுக்கு 100 ஆண்டு பிடித்தது. வெறும் நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கியது, கடைசியில் குழந்தைகளின் கண்பார்வையில் போய் முடிந்தது. அதில் முக்கியமான சில கட்டங்கள் நம்ம குன்னூரிலும் சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் நடந்தவை. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கேரட்டில் தொடங்கிய கதை

1831-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் வாக்கன்ரோடர் என்ற அறிஞர், கேரட் கிழங்கின் சாற்றிலிருந்து செம்மஞ்சள் நிறமான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கேரட்டில் கிடைத்ததால் அதற்குக் 'கரோட்டின்' என்று பெயர் வந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1837-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்சிலியஸ், பழுத்து உதிரும் இலைகளிலிருந்து ஒரு மஞ்சள் நிறப் பொருளை எடுத்தார். அதற்கு 'சாந்தோபில்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் மஞ்சள் இலை என்று பொருள். கிழங்கில் இருப்பதும் இலையில் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அந்தக் காலத்தில் தெரியாது.

ஆச்சியின் கேள்விக்கு நேரடியான பதிலைக் கொடுத்தவர் மிகயீல் சுவெத் என்ற ரஷ்யத் தாவரவியல் அறிஞர். 1906-ல் அவர் வெளியிட்ட சோதனை மிகவும் எளிமையானது. ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புக்கல் தூளை இறுக அடைத்தார். பச்சை இலையின் சாற்றை மேலேயிருந்து ஊற்றினார். சாறு கீழே இறங்க இறங்க, அதிலிருந்த நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, புடவைக் கரைபோலப் பட்டை பட்டையாக நின்றன. பச்சைப் பட்டை தனி, மஞ்சள் பட்டைகள் தனி. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ரஷ்ய மொழியில் 'சுவெத்' என்ற சொல்லுக்கு நிறம் என்றே பொருள்.

ஆக, ஒவ்வொரு பச்சை இலைக்குள்ளும் மஞ்சள் இருக்கிறது. பச்சையம் மிகுதியாக இருப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வாழை இலை முற்றிப் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து போகிறது, உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. செடிக்கு இந்த மஞ்சள் எதற்கு என்று கேட்பீர்கள். பச்சையத்துக்கு ஒளியைப் பிடித்துக் கொடுப்பதும், சுட்டெரிக்கிற வெயிலில் இலை கெட்டுப்போகாமல் காப்பதும் இதன் வேலை.

இன்றைக்கு இந்தக் குடும்பத்துக்குக் 'கரோட்டினாய்டுகள்' என்று பெயர். கேரட்டின் செம்மஞ்சள், மாம்பழத்தின் மஞ்சள், தக்காளியின் சிவப்பு, பழுத்த மிளகாயின் சிவப்பு, கேந்திப் பூவின் ஆரஞ்சு எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

மாடும் கோழியும் சொன்ன சாட்சி

செடி செய்யும், பாசி செய்யும், சில காளான்களும் நுண்ணுயிர்களும் செய்யும். ஆனால் மாடோ கோழியோ மனிதனோ இந்த நிறத்தைத் தானாக உண்டாக்க முடியாது, தின்றுதான் பெற வேண்டும். இதை நிரூபித்துக் காட்டியது ஒரு பால்பண்ணை ஆராய்ச்சி.

அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால்மர், எக்கிள்ஸ் என்ற இருவர் 1914-ல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பசுவுக்குப் பச்சைத் தீவனம் கொடுத்தால் வெண்ணெய் மஞ்சளாகிறது, நிறமற்ற தீவனம் கொடுத்தால் வெண்ணெய் வெளுக்கிறது, வெண்ணெயின் மஞ்சள் தீவனத்திலிருந்து வந்த கரோட்டினே என்று காட்டினார்கள். 1919-ல் பால்மர் மற்றொருவருடன் சேர்ந்து கோழிகளை வைத்துச் சோதித்தார். குஞ்சு பொரித்த நாளிலிருந்து இந்த நிறம் இல்லாத தீவனத்தையே கொடுத்து வளர்த்தார். கோழிகள் நன்றாக வளர்ந்து முட்டையும் இட்டன. ஆனால் முட்டைக் கருவில் நிறமே இல்லை.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பூநாரைகள் வருகிறதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இளஞ்சிவப்பு அதன் பிறவி நிறம் அல்ல. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். தண்ணீரில் உள்ள பாசியையும், அந்தப் பாசியைத் தின்கிற பொடி இறால் போன்ற உயிர்களையும் தின்று தின்றுதான் இறகில் சிவப்பு ஏறுகிறது. கூண்டில் அடைத்து வேறு இரை கொடுத்தால் நிறம் வெளுத்துவிடும். தூத்துக்குடி இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். உயிரோடு இருக்கும்போது அந்தச் சிவப்பு ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கிறது. சூட்டில் புரதம் சிதைந்ததும் வெளியே வருகிறது.

நிறம் மறைந்த மர்மம்

இனி கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1913-ல் அமெரிக்காவில் மெக்கல்லம், டேவிஸ் என்ற இருவர், வெண்ணெயிலும் முட்டையிலும் உள்ள கொழுப்பில் எலிக்குட்டிகள் வளர்வதற்கு அவசியமான ஒரு சத்து இருப்பதைக் கண்டார்கள். அதற்குத்தான் பின்னால் வைட்டமின் 'ஏ' என்று பெயர் வந்தது. 1919-ல் ஸ்டீன்பாக் என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மஞ்சள் மக்காச்சோளம் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. வெள்ளை மக்காச்சோளம் தின்றவை வளரவில்லை. அப்படியானால் மஞ்சள் நிறமும் வைட்டமினும் ஒன்றுதானோ என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் ஒரு சிக்கல். ஈரலில் வைட்டமின் 'ஏ' நிறைய இருக்கிறது, அந்த வைட்டமினுக்கு மஞ்சள் நிறம் இல்லை. பால்மரின் கோழிகள் நிறமே இல்லாத தீவனம் தின்றும் நன்றாகத்தானே வளர்ந்தன? அந்தத் தீவனத்தில் ஈரல் சேர்த்திருந்தார்கள். மஞ்சள் இருக்கும் இடத்திலும் சத்து இருக்கிறது, மஞ்சள் இல்லாத இடத்திலும் சத்து இருக்கிறது. இது எப்படி?

1930-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் தாமஸ் மூர் இந்த முடிச்சை அவிழ்த்தார். வைட்டமின் 'ஏ' தீர்ந்துபோன எலிகளுக்குச் சுத்தமான கரோட்டினை ஊட்டினார். பிறகு அவற்றின் ஈரலைச் சோதித்தார். ஈரலில் வைட்டமின் 'ஏ' சேர்ந்திருந்தது. உடம்பு கரோட்டினை வெட்டி, நிறமில்லாத வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. கரோட்டின் நெல் மாதிரி, வைட்டமின் அரிசி மாதிரி. குத்தி எடுக்கும்போது நிறம் போய்விடுகிறது. இந்தப் பொருள்களின் அமைப்பைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்து அறிஞர் பால் காரருக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆச்சியின் இரண்டு கிண்ணத்துக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. பசு தான் தின்ற கரோட்டினில் ஒரு பகுதியை மாற்றாமல் அப்படியே பாலில் விடுகிறது, ஆகவே நெய் மஞ்சள். எருமை அநேகமாக முழுவதையும் வைட்டமினாக மாற்றிவிடுகிறது, ஆகவே நெய் வெள்ளை. எருமை நெய் வெள்ளையாக இருப்பதால் அதில் சத்து இல்லை என்று ஒதுக்க வேண்டியதில்லை. முட்டைக்கும் இதே நியாயம்தான். பண்ணைத் தீவனத்தில் வைட்டமின் 'ஏ'யைத் தனியாகச் சேர்க்கிறார்கள், அதனால் கரு வெளுத்திருந்தாலும் அந்த வைட்டமின் இருக்கும். கருவின் சிவப்பு கோழி மேய்ந்த கீரையையும் மக்காச்சோளத்தையும் காட்டுகிற அடையாளம். வைட்டமின் 'ஏ'யை அளக்கிற படி அது அல்ல.

குன்னூரில் எலிகள், சென்னையில் குழந்தைகள்

வெளிநாட்டில் இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நம் நாட்டில் என்ன நிலைமை?

மாலைக்கண் என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. விளக்கு வைக்கிற நேரமானால் குழந்தை தட்டுத் தடுமாறும், தட்டில் இருக்கிற சோற்றைத் துழாவும். அதுதான் முதல் அறிகுறி. கவனிக்காமல் விட்டால் வெள்ளைவிழி வறண்டு, சோப்பு நுரை மாதிரி திட்டு விழும். அதற்குப் பிறகு கருவிழி இளகி, சில நாட்களிலேயே கரைந்துபோய்க் கண் நிரந்தரமாகப் பறிபோகும். மாலைக்கண்ணுக்கு ஈரல் நல்லது என்பது பழைய எகிப்து நாட்டுக்காரர்களுக்கே தெரியும். நம்ம ஊர்ப் பெரியவர்களும் ஆட்டு ஈரலைக் கொடுக்கச் சொல்வார்கள். காரணம் மட்டும் தெரியாது.

சென்னைக் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, மிகவும் பழமையானது. அங்கே வேலை பார்த்த டாக்டர் ரைட், தென்னிந்தியக் குழந்தைகளுக்குக் கருவிழி கரைகிற இந்த நோயைப் பற்றி 1922-லேயே மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

அதே காலத்தில் நீலகிரி மலையில் குன்னூரில், டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் என்பவர் 1918-ல் ஒரே ஓர் அறையில் உணவு ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை சாப்பிட்ட சீக்கியர் உணவு எலிகள் சராசரி 235 கிராம் எடை வந்தன. நம் சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகள் 155 கிராம்தான். அரிசி இருந்தது. பாலும் கீரையும் போதவில்லை.

மெக்காரிசனுக்குப் பிறகு 1935-ல் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக வந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. அவரும் சென்னை டாக்டர் ரைட்டும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கண் கெட்டு வந்த குழந்தைகளுக்கு அப்போது வைட்டமின் 'ஏ' நிறைந்த மீன் எண்ணெயைக் கொடுப்பது வழக்கம். அதற்குப் பதிலாக இவர்கள் சிவப்புப் பாமாயிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். இது நம்ம பதநீர் இறக்குகிற பனை அல்ல, எண்ணெய்ப்பனை என்கிற வேறு மரம். அந்த எண்ணெயின் சிவப்பு கரோட்டின்தான். நல்ல பலன் கிடைத்தது. 1937-ல் அதை வெளியிட்டார்கள். மூர் எலியில் கண்ட உண்மை, ஏழே ஆண்டில் நம் குழந்தைகளின் கண்ணைக் காக்க உதவியது. ஒரு விஷயத்தையும் கூடவே சொல்லிவிடுகிறேன். நாம் இன்றைக்குச் சமையலுக்கு வாங்குகிற பாமாயில் அதே மரத்து எண்ணெய்தான். ஆனால் சுத்திகரிக்கும்போது அந்தச் சிவப்பு போய்விடுகிறது.

அதே 1937-ல் அய்க்ராய்டு இந்திய உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கைச் சிறு புத்தகமாகக் கொண்டுவந்தார். எந்தக் கீரையில் என்ன இருக்கிறது என்பது முதல்முறையாக அட்டவணையாகக் கைக்கு வந்தது.

சொட்டு மருந்தும் திருச்சிக் கணக்கும்

குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. அங்கே தலைமை ஏற்று நடத்தியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் காலத்து ஆராய்ச்சியின் பலனாக 1970-ல் ஒரு தேசியத் திட்டம் வந்தது. 1 வயது முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு வைட்டமின் 'ஏ' வாயில் ஊற்றுவது என்று ஏற்பாடு. இப்போது 9-வது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணையாக 1 லட்சம் அலகு கொடுக்கிறார்கள். ஆனால் மருந்து ஓர் இடைக்கால ஏற்பாடு, நிலையான வழி உணவுதான் என்று கோபாலன் வலியுறுத்தி வந்தார்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமியும் இதையே செய்து காட்டினார். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர்தான். அதற்கு முன்பே, கண் கெட்டு வந்த குழந்தைகளுக்காக மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை நடத்தினார்கள். அங்கே குழந்தையோடு தாயும் தங்குவாள். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிற பொருள்களைக் கொண்டு எப்படிச் சமைத்து ஊட்டுவது என்று தாய்க்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

அடுத்தது 1990. திருச்சி மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 15,419 குழந்தைகளை ஓராண்டு கவனித்த முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் 'ஏ' கொடுத்தார்கள். மறு பகுதிக்கு அது இல்லை. வைட்டமின் கிடைத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. கண் மட்டுமல்ல, உயிரே இதில் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் கொடுத்த அளவு பெரிய மருந்தளவு அல்ல, அன்றாட உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவு.

கொல்லையில் மருந்து, வீட்டில் நோய்

கோபாலனும் மற்றவர்களும் வெளியிட்ட சத்துக் கணக்கிலிருந்து சில எண்களைச் சொல்கிறேன். 100 கிராமில் உள்ள கரோட்டின், மைக்ரோகிராம் கணக்கில். கேரட் 1,890. மாம்பழம் 2,743. பப்பாளிப் பழம் 666. அகத்திக்கீரை 5,400. இளம் தண்டுக்கீரை 5,520. முருங்கைக்கீரை 6,780. கொத்தமல்லித் தழை 6,918. கறிவேப்பிலை 7,560. தீட்டிய வெள்ளை அரிசியில் ஒன்றுமில்லை.

விலை கொடுத்து வாங்குகிற கேரட்டைவிடக் கொல்லையில் சும்மா கிடைக்கிற முருங்கைக்கீரையில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. கறிவேப்பிலையையோ இலையோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கிறோம்.

அப்படியானால், முருங்கை இல்லாத வீடு அபூர்வமான நம்ம நாட்டில் குழந்தைகளுக்கு ஏன் கண் போனது? நான் அடிக்கடி யோசித்த கேள்வி இது. பல காரணங்கள் உண்டு. முதலாவது, கீரையைப் பெரியவர்கள் தின்றார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குச் 'செரிக்காது, வயிற்றால் போகும்' என்று கஞ்சியும் ரசம் சோறும் மட்டும் ஊட்டினார்கள். இரண்டாவது, கரோட்டின் எண்ணெயில் கரைகிற பொருள். எண்ணெயே இல்லாமல் வேகவைத்துக் கொடுத்தால் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். மூன்றாவது, மணல்வாரி என்கிற தட்டம்மை. அது வந்தால் உடம்பில் இருக்கிற வைட்டமின் 'ஏ' வேகமாகக் கரையும். அந்த நேரம் பார்த்துப் பத்தியம் என்று உணவையும் குறைத்தால், இருந்ததும் போய்விடும்.

நான்காவது காரணத்தில் என் பங்கும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடனாநதிப் பாசனத்தில் ஒரு வாழைத்தோட்டத்து வரப்பில் வரிசையாக அகத்தி நின்றது. 'நிழல் கட்டுது, உரத்தை இழுக்குது, வெட்டி எடுத்திருங்க' என்று சொன்னவன் நான்தான். அந்த அண்ணாச்சியும் என் பேச்சை மதித்து வெட்டிவிட்டார். குலை எடைக் கணக்கில் நான் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த அகத்தியிலிருந்து அவர் வீட்டு ஆட்டுக்குத் தழையும், அடுப்பங்கரைக்கு வாரம் இரண்டு நாள் கீரையும் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கணக்கை நான் போடவே இல்லை. மகசூலைப் படி போட்டு அளந்தோம், சாப்பாட்டை அளக்கவில்லை.

இன்றைக்குச் சொட்டு மருந்தாலும் தடுப்பூசியாலும் சத்துணவாலும் நம் மாநிலத்தில் இந்த நோயால் கண் போவது அரிதாகிவிட்டது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 நாள் முட்டை கிடைக்கிறது. நல்லது. ஆனால் சொட்டு மருந்து 5 வயதோடு நின்றுவிடும். கொல்லைக் கீரை கடைசி வரை வரும்.

சிவப்பெல்லாம் ஒன்றல்ல

ஓர் எச்சரிக்கை. மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருப்பதெல்லாம் கரோட்டின் அல்ல. சமையல் மஞ்சளின் நிறம் குர்குமின், பீட்ரூட்டின் சிவப்பு வேறு, சிவப்பரிசித் தவிட்டின் நிறமும் வேறு. இவற்றுக்குத் தனித்தனி நல்ல குணங்கள் உண்டு. ஆனால் அந்த நிறங்கள் உடம்பில் வைட்டமின் 'ஏ'யாக மாறாது. தக்காளிக்குச் சிவப்பைத் தருகிற லைகோபீன் கரோட்டின் குடும்பம்தான், ஆனாலும் அதுவும் வைட்டமின் 'ஏ'யாக மாறாது. ஆகவே சிவப்பைத் தேடி ஓடவேண்டாம். கரும்பச்சையைத் தேடுங்கள். மஞ்சள் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

வீட்டுக்கொல்லையில் கழிவு நீர் போகிற பக்கம் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, நாலு பாத்தி கீரை. இதற்கு இரண்டு சென்ட் நிலம் தாராளம். காய்க்கென்று பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.1 முருங்கையை உங்களுக்குத் தெரியும். அது நம்ம எப்போதும்வென்றான் ஊர் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. காய் பறிக்கிறவர்கள் இலையையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கீரையை ஆய்ந்து, கழுவி, அளவான தண்ணீரில் மூடி வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ தேங்காய்த் துருவலோ சேர்த்துக் கடைந்து கொடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பருப்போடு மசித்து ஒரு கரண்டியிலிருந்து தொடங்கலாம். முருங்கை இலையைக் காயவைத்துப் பொடி செய்வதானால் நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் கரோட்டின் அழிந்துவிடும்.

பிள்ளை பெற்றவளுக்கு முதலில் சுரக்கிற சீம்பால் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளும் கரோட்டின்தான், கூடவே வைட்டமின் 'ஏ'யும் நிறைய உண்டு. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிற பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கன்றுக்கும் இதே கதைதான். கன்று பிறக்கும்போது அதன் ஈரலில் இருப்பு மிகக் குறைவு. சீம்பாலில்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறந்த உடனே குடிக்க விடுங்கள்.

பிசான அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் மாடுகள் வெறும் வைக்கோலில் நிற்கும். வெயிலில் காய்ந்து வெளுத்த வைக்கோலில் கரோட்டின் அநேகமாக இருக்காது. நெடுநாள் அப்படியே விட்டால் மாட்டுக்கும் மாலைக்கண் வரும், சினை மாடு குருட்டுக் கன்றோ சொத்தைக் கன்றோ போடும். கிணற்றடியில் ஒரு பாத்தி கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வரப்பில் வேலிமசால், அகத்தி வைத்துக்கொள்ளுங்கள். சூபாபுல் தழையை அளவோடு கொடுங்கள். கோழிக்குக் கீரைக் கழிவும் மஞ்சள் மக்காச்சோளமும் போடுங்கள். வாடிய கேந்திப் பூ இதழைக் காயவைத்துத் தீவனத்தில் கலந்தாலும் கரு சிவக்கும்.

கடைசியாக ஒன்று. கீரையை எவ்வளவு தின்றாலும் நஞ்சாகாது. மிஞ்சிப்போனால் உள்ளங்கை கொஞ்சம் மஞ்சளாகும், அவ்வளவே. ஆனால் வைட்டமின் 'ஏ' மாத்திரை அப்படி அல்ல. அளவு மீறினால் கெடுதல், அதிலும் கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஆச்சியிடம் கதையை முழுவதும் சொல்லி முடித்தபோது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. பேத்தி முற்றத்தில் விழுந்த ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். 1933-ல் ஜார்ஜ் வால்ட் என்ற விஞ்ஞானி விழித்திரையில் வைட்டமின் 'ஏ' இருப்பதைக் கண்டுபிடித்தார், பின்னால் 1967-ல் நோபல் பரிசும் பெற்றார். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுகிற சிவந்த நிறப்பொருள் ஒன்று கண்ணுக்குள் இருக்கிறது. அதைச் செய்ய இந்த வைட்டமின் வேண்டும். இலையில் மஞ்சளாக இருந்தது, உடம்புக்குள் நிறம் இழந்து, கண்ணில் போய் மறுபடியும் நிறமாகிறது. இதைச் சொன்னதும் ஆச்சி பேத்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். "அப்போ அந்த வரப்புல மறுபடியும் அகத்தியை நட்டிர வேண்டியதுதான்" என்றார்கள்.

அவர்கள் சொன்ன வரப்பு, நான் வெட்டச் சொன்ன அதே வரப்புதான். போன வாரம் விதை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வரப்பிலும் கொல்லையிலும் இடம் இருக்கும். நட்டுப் பாருங்கள்.